குளவிக்காரியின் தும்மல்

குளவிக்காரி தும்மினால் மூக்கிலிருந்து ஒரு குளவி வெளியே வரும். பதினோரு வருடங்கள் அப்படி வந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் நாளுக்கு ஒன்று, மழைக்காலத்தில் இரண்டு, அடுப்பங்கரையிலிருந்து மிளகாய் நெடி ஏறினால் நாலைந்து. ஆளைக் கொட்டுகிற பெரிய குளவி அல்ல. எறும்புக்குச் சிறகு முளைத்தது போல, கறுத்த உடம்பும் மஞ்சள் கால்களும் உள்ள சின்ன ஜாதி. வந்ததும் அவளுடைய மேலுதட்டில் ஒரு கணம் உட்கார்ந்து, சிறகைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து சன்னலைத் திறந்துவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை என்பதால், நடந்ததை வரிசைப்படி சொல்வதுதான் முறை.

அவள் வேலை பார்த்தது பூச்சி வளர்க்கும் நிலையம் ஒன்றில். காய்கறித் தோட்டக்காரர்களுக்குப் பூச்சிமருந்துக்குப் பதிலாகக் குளவி அனுப்புகிற இடம் அது. மொத்தம் இரண்டு அறைகள். முதல் அறையில் பிளாஸ்டிக் டப்பாக்களில் முட்டைக்கோஸ் இலையைத் தின்று புழுக்கள் வளரும். காது கொடுத்தால் தூறல் விழுவது போல அவை மெல்லும் சத்தம் கேட்கும். இரண்டாவது அறையில், தேன் தோய்த்த பஞ்சை நக்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுகளில் குளவிகள் இருக்கும். காலையில் புழுவை எடுத்துப்போய்க் குளவியிடம் காட்ட வேண்டும். குளவி அதைக் குத்தி முட்டை வைத்ததும் திரும்ப எடுத்துவந்து டப்பாவின் மேல் தேதி எழுத வேண்டும். பதினான்காம் நாள் புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு குஞ்சுகள் வெளியே வந்து மஞ்சள் நிறத்தில் கூடு கட்டும். அந்தக் கூடுகளை அட்டையில் ஒட்டித் தோட்டங்களுக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் இதைச் செய்தாள். தெருவில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

அவ்வளவு காலம் பார்த்ததில் குளவியின் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. புழுவுக்குள் காவல் உண்டு. வெளியாள் எது நுழைந்தாலும் அந்தக் காவலாட்கள் ஓடிவந்து, ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு, சுற்றி வளைத்து, மூச்சுவிட முடியாதபடி இறுக்கிக் கறுக்க வைத்துவிடுவார்கள். அப்படித் தோற்றுப்போன முட்டைகளை அவள் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். எள் போலக் கறுத்துக் கிடக்கும். அதனால் கெட்டிக்காரக் குளவி முட்டையை வெறுமனே வைத்துவிட்டுப் போவதில்லை. கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியையும் அனுப்பி வைக்கிறது. அந்தக் கிருமி காவலாட்களிடம் போய், ஒட்டிக்கொள்வது எப்படி என்பதை மறக்கச் செய்துவிடுகிறது. "முட்டி மோதி உள்ள போறது பெரிசில்லீங்க. காவக்காரனை உக்கார வெச்சுட்டுப் போகுது பாருங்க, அதுதான் சாமர்த்தியம்" என்று கணவரிடம் சொல்வாள். கணவர் பேருந்து நடத்துநர். ஐம்பது பேர் வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றுகிறவர். "நான் தினமும் அதைத்தானே செய்யறேன்" என்பார் அவர்.

வண்டியில் செல்லுபடியான சாமர்த்தியம் வீட்டில் செல்லுபடியாகவில்லை. மூன்று அறை வீட்டில் மூன்று பேரை அவரால் ஏற்ற முடியவில்லை. அவருடைய தங்கை, புருஷன் வீட்டோடு ஒத்துவராமல், ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு வந்து நின்றபோது குளவிக்காரி சொன்ன வார்த்தை, "நாலு நாள் இருந்துட்டுப் போகட்டும்." பெட்டியை நடையில் வைத்தார்கள். நாலு நாள் ஆறு வருடமாயிற்று. அலமாரியில் ஐந்து தட்டுகள் இருந்தன. நாத்தனாருக்கு ஒரு தட்டுகூட ஒழியவில்லை. அவள் தினமும் காலையில் பெட்டியைத் திறந்து துணி எடுத்து, சாயங்காலம் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெட்டியில் கால் விரல் இடித்தது. நாத்தனார் ஆயத்த ஆடைக் கடைக்காகச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பவள். வாயும் ஊசியும் ஒரே நேரத்தில் ஓடும். "பெட்டி குறுக்க இருக்குன்னு சொல்றாங்களே அண்ணி, எடுத்து எங்க வைக்கட்டும்?" என்று கேட்பாள். குளவிக்காரி பாத்திரத்தை ஓசையோடு கழுவுவாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடந்ததில்லை. அதனால் சமாதானம் என்று ஒன்றும் நடக்க வழியில்லாமல் இருந்தது.

நாற்பத்தொன்றாம் வயதில் குளவிக்காரிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. மாற்றுச் சிறுநீரகம் கொடுக்கக் கணவருடைய ரத்தம் பொருந்தவில்லை. அவளோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் தொலைபேசியில் அழுதார்கள், ஆனால் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பித்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனார், யாரும் கேட்காமலே கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். பொருந்தியது. மருத்துவர் இரண்டு தடவை சோதித்தும் பொருந்தியது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் அவர். "என்ன யோசிக்கறது டாக்டர்? எனக்கு ஒரு தட்டுகூடக் கொடுக்காதவங்களுக்கு ஒரு கிட்னி கொடுத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாமில்ல?" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய பதினேழு இடத்திலும் போட்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதிய சிறுநீரகத்தைக் குளவிக்காரியின் அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்தார்கள். அது தன் பழைய பழக்கங்களோடு வந்தது. நாத்தனாருக்கு விடிகாலை ஐந்து மணிக்குச் செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கும் வழக்கம். அந்நாள் முதல் குளவிக்காரிக்கும் ஐந்து மணிக்குத் தாகம் எடுத்தது. இரண்டு பேரும் சமையலறையில் ஒரே குடத்தின் முன்னால் எதிரும் புதிருமாக நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் இப்படிப் போனது. நான்காவது மாதம் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கழிக்காமல் விட்ட கழிவைக் காட்டுகிற கிரியாட்டினின் எண் ஒன்று புள்ளி இரண்டிலிருந்து இரண்டு புள்ளி நாலுக்கு ஏறியது. அடுத்த வாரம் மூன்று புள்ளி ஒன்று. உடம்பின் காவலை அடக்குவதற்கென்று கொடுத்த மாத்திரைகள் மற்ற நோயாளிகளிடம் கேட்டன, இவளுடைய உடம்பிடம் கேட்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டிப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார். "உள்ள வந்திருக்கிறது வேத்தாள்னு உங்க உடம்பு முடிவு பண்ணிடுச்சு" என்றார். வீட்டுக்கு வந்ததும் கணவர் அவளுடைய அடிவயிற்றில் காது வைத்துக் கேட்டார். பேருந்துப் படிக்கட்டில் கூட்டம் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "இறங்கு, இறங்குன்னு கத்தறாங்க" என்றார், முகம் வெளுத்து. நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ஆறு வருஷமா என்னையே உள்ள விடாதவங்க. என் கிட்னியை மட்டும் விட்டுடுவாங்களா?"

குளவிக்காரிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவள் இந்தத் தடவை மனதார ஒப்புக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும்போது சிறுநீரகத்திடம் மன்னிப்புகூடக் கேட்டிருந்தாள். காவலாட்களோ அவளைக் கேட்டு வேலை செய்கிறவர்களாக இல்லை. எண் நான்கைத் தாண்டினால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எடுத்தால், கொடுத்தவளுக்கும் இல்லாமல் வாங்கியவளுக்கும் இல்லாமல் அது குப்பைக்குப் போகும்.

எண் மூன்று புள்ளி எட்டாக இருந்த வாரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. விடுப்பு முடிந்துவிட்டதால் அவள் வேலைக்குப் போயிருந்தாள். குளவிகளைக் கூண்டுவிட்டுக் கூண்டு மாற்ற அங்கே ஓர் உறிஞ்சுகுழாய் உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டி, அதன் மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்றைக் குளவியின் பக்கம் நீட்டி, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் குளவி புட்டிக்குள் வந்து விழும். வாய்க்குழாயின் உள்முனையில் வலைத்துணி கட்டியிருப்பதால் வாய்க்குள் வராது. 'வலைத்துணி இருக்கிறதா?' என்று மேசைக்கு மேலே அவளே பலகை எழுதி மாட்டியிருந்தாள். பத்தொன்பது வருடம் பார்த்த எழுத்து என்பதால் அதை அவள் இப்போது படிப்பதில்லை. வாயில் படுகிற எதையும் வெந்நீரில் கொதிக்க வைக்காமல் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அன்று காலை வலைத்துணியை அவிழ்த்துக் கொதிக்க வைத்துக் கொடியில் காயப் போட்டாள். பிறகு கூண்டின் முன் உட்கார்ந்து, சிறுநீரகத்தைப் பற்றி நினைத்தபடி, ஒரே மூச்சில் உறிஞ்சினாள். நாற்பது குளவிகள், அத்தனையும் முட்டை சுமந்த பெட்டைகள், ஒன்றன் பின் ஒன்றாக அவள் தொண்டைக்குள் போயின. அவள் இருமினாள். சக பணியாளர்கள் முதுகில் தட்டினார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. கொடியில் வலைத்துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரப் பரிசோதனையில் எண் இரண்டு புள்ளி ஆறு. அதற்கடுத்த வாரம் ஒன்று புள்ளி ஐந்து. கணவர் காது வைத்துக் கேட்டபோது, கூட்டம் தட்டுவதை நிறுத்தியிருந்தது. நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், குளவிக்காரியைத் தவிர. அவளுக்கு மட்டும்தான் பதினான்காம் நாள் தெரியும். காவலை உட்கார வைக்கிற குளவி சும்மா உட்கார வைப்பதில்லை. அதற்கு ஒரு காரியம் இருக்கிறது. அந்தக் காரியம் முடிகிறபோது புழு வெறும் தோலாகத் தொங்கும். பதினான்காம் நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாயில் படுத்தாள். கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஆறு வருடத்தில் அவ்வளவு நீளமாக அவளிடம் பேசியது அதுவே முதல் தடவை.

"தோலைக் கிழிச்சுக்கிட்டா வரும்?"

"ஆமா."

"வரட்டும். விளக்குமாறு எடுத்து வெச்சிருக்கேன்."

"விளக்குமாத்தால அடிக்கக் கூடாது. பாவம், அதுங்க."

"நல்லா இருக்கு அண்ணி! உங்களைத் தின்ன வந்ததுக்குப் பாவம் பாக்கறீங்க, நான் நாலு நாள் சோறு தின்ன வந்ததுக்கு மூஞ்சியைத் தூக்கினீங்க."

குளவிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மூக்கில் ஏறித் தும்மலாயிற்று. மணி பத்து நாற்பது. தும்மலோடு ஒரு குளவி வந்தது. உதட்டில் உட்கார்ந்து சிறகைத் துடைத்துக்கொண்டது. தோல் எங்கும் கிழியவில்லை. நாத்தனார் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தாள். "போயிட்டு வா" என்றாள் குளவிக்காரி குளவியிடம். "ரொம்ப நன்றி."

மாதக் கடைசியில் எடுத்த ஸ்கேனில், புதிய சிறுநீரகத்தைச் சுற்றி மஞ்சள் கூடுகள், அட்டையில் ஒட்டியது போல ஒழுங்காக இருந்தன. குஞ்சுகள் அவளுடைய சதையில் எதையும் தொடவில்லை. அவள் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிற தேனே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. வயிறு நிறைந்ததும் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, மறுபடி முட்டை வைத்தன. மருத்துவர் நீண்ட நேரம் திரையைப் பார்த்துவிட்டு, அறிக்கையில் 'குளவிகள்: உள்ளன. நிலை: திருப்தி' என்று எழுதி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். நிலையத்தில் இது வேறு மாதிரிச் சிக்கலானது. நிலையத் தலைவர் இரண்டு நாள் யோசித்து ஓர் உத்தரவு போட்டார்: அலுவலக நேரத்தில் தும்மி வருகிற குளவிகள் நிலையத்துக்குச் சொந்தம், வீட்டில் வருபவை ஊழியருக்குச் சொந்தம், பேருந்தில் வருபவற்றைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கப்பட்டுள்ளது. பதில் கடைசிவரை வரவில்லை. அலுவலகக் குளவிகளைத் தனியாக வளர்த்து அனுப்பினார்கள். ஒரு தோட்டக்காரர், இந்தத் தடவை வந்த குளவி நல்ல சுபாவமுள்ள குளவி என்றும், வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது என்றும், அனுப்பிய கையை விசாரித்ததாகச் சொல்லவும் என்றும் அஞ்சலட்டை போட்டிருந்தார். அவள் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் உட்கார்ந்த காவல் எல்லோருக்கும் உட்கார்ந்த காவல்தான். சிறுநீரகத்துக்கு மட்டும் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எழுந்து நிற்கத் தெரியாது. குளவி புகுந்த புழு டப்பாக்களில், வழக்கமாக எதுவும் செய்யாத அற்பப் பூஞ்சணம்கூடத் தைரியமாக ஏறுவதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அவளுக்குள்ளும் வருகிறது எல்லாம் வந்தது. எதிர்வீட்டுக்காரரின் இருமல் வந்தது. தையற்காரரின் விக்கல் வந்து மூன்று நாள் தங்கியது. தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டுப் போனால், அவருடைய முழங்கால் வலி கடிதத்தோடு இங்கே தங்கிவிடும். அவர் நன்றாக நடந்து போவார். மூலை வீட்டுப் பாட்டு வாத்தியார் பாதியில் மறந்துபோன பாட்டு ஒன்று அவளுக்குள் புகுந்து, வேலை நேரத்தில் முணுமுணுப்பாக வெளியே வந்தது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது அவளுடைய கணவரின் சட்டையில் வந்தது. ஒரு நாளைக்கு எழுநூறு பேர் மூச்சுவிடுகிற வண்டியில் நின்றுவிட்டு வருகிறவர் அவர். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், யாரோ ஒரு பயணியின் காய்ச்சல் அவர் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு வந்து, நடையைத் தாண்டி, நேராக அவளுக்குள் போய்விட்டது.

ஒன்பது நாள் கொதித்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி ஐந்து நிமிடத்தில் மொடமொடவென்று காய்ந்தது. குளவிகள் உள்ளே சூடு தாங்காமல் தும்மல் இல்லாமலே ஒன்றிரண்டாக வெளியே வந்து, தலையணையில் தள்ளாடின. மருத்துவர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். "மருந்து பாதிதான் சண்டை போடும். மீதியை உடம்பு போடணும். இவங்க உடம்புல இப்ப ஆள் இல்லை" என்றார். குளவிகளை விரட்டிவிட்டால் காவல் எழுந்து காய்ச்சலை அடிக்கும், அதே வேகத்தில் சிறுநீரகத்தையும் அடிக்கும். எதைக் காப்பாற்றுவது என்று கணவரைக் கேட்டார். அவர் டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஏழாம் நாள் மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் குளவிக்காரி காய்ச்சல் வேகத்தில் பேசினாள். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் சில புழுக்கள் உடனே சாவதில்லை என்றாள். தன் உடம்பைப் பகிர்ந்துகொண்ட அந்தக் கூடுகளின் மேலேயே போய் நின்றுகொள்ளும், இலையைத் தின்னாது, எறும்போ வேறு பூச்சியோ கிட்டே வந்தால் தலையால் ஓங்கி அடித்துத் துரத்தும், ஏன் அப்படிச் செய்கிறது என்று பத்தொன்பது வருடமாகத் தனக்கு விளங்கவில்லை என்றாள்.

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னைப் புழுன்னு சொல்றீங்க."

"ஆமா."

"சரி. அதைச் சுத்தி வளைக்காமச் சொன்னா என்ன?"

அவள் எழுந்து நடைக்குப் போனாள். ஆறரை வருடமாக அசையாத பச்சைப் பெட்டியை, தரையில் கீறல் விழ விழ இழுத்துக்கொண்டுபோய், தெருக்கதவுக்கு வெளியே போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த சொந்த அண்ணனைத்தான் முதலில் நிறுத்தினாள்.

"சட்டையைக் கழட்டு."

"தெருவுலயா?"

"எழுநூறு பேரையும் இங்கயே இறக்கி விடு. நீ மட்டும் உள்ள போ."

அவர் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டு, துவைத்த வேட்டியோடு உள்ளே போனார். இருமல்காரரை எதிர்வீட்டிலேயே நிறுத்தினாள். தபால்காரரிடம் கடிதத்தைத் தானே வாங்கி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தாள். புதிதாக எதுவும் உள்ளே வராததால், ஏற்கெனவே வந்திருந்த காய்ச்சல் துணையில்லாமல் தனித்துப்போய், ஒன்பதாம் நாள் மாலை வந்த வழியே கதவைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குக் கணுக்காலில் ஒரு சூடு உரசிக்கொண்டு போனது போல இருந்தது. அவள் காலைத் தூக்கி வழிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் தாழ்ப்பாள். அவளுடைய கேள்விகள் எல்லோருக்கும் மனப்பாடம்: "யாரு? எங்க இருந்து வர்றீங்க? இருமல் உண்டா? வீட்ல யாராவது படுத்திருக்காங்களா? மூக்கைக் காட்டுங்க." ஓட்டுக் கேட்க வந்தவர் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, உள்ளே விடப்படாமல் திரும்பிப் போனார். கணக்கெடுக்க வந்த அதிகாரி சாலையில் நின்றே கேள்வி கேட்டு, சாலையில் நின்றே எழுதிக்கொண்டார். தொலைபேசியில் அழுத அந்த இரண்டு உடன்பிறப்புகளும் பழத்தோடு வந்தபோது, பழத்தை மட்டும் கழுவி உள்ளே அனுப்பினாள். கவலையோடு வருகிறவர்களையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். பெட்டியில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாதிக் கவலையையாவது வாயால் இறக்கிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். இப்படிப் பதினாறு கல்யாணங்கள் அந்தப் பெட்டியின் மேல் பேசி முடிந்ததாகத் தெருவில் கணக்கு உண்டு. குளவிக்காரி முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போவாள், வருவாள். தெருமுனை வரை நாத்தனார் முன்னால் நடந்து ஆட்களை ஒதுக்குவாள். வீட்டுக்குள்ளே ஒரு தும்மல் கேட்டதும் பித்தானைப் போட்டுவிட்டு ஓடிவந்து சன்னலைத் திறப்பாள். குளவிக்காரி ஒவ்வொரு குளவிக்கும் தவறாமல் நன்றி சொன்னாள். நாத்தனாருக்கு மட்டும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சொல் சின்னதாகத் தெரிந்ததால் விழுங்கிவிட்டாள். ஐந்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே குடத்தின் முன் நின்று தண்ணீர் குடித்தார்கள். செம்பை முதலில் நாத்தனாருக்கு மொண்டு கொடுப்பது எந்த வருடம் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை.

பன்னிரண்டாம் வருடம் பிறந்த ஒரு புதன்கிழமை குளவிக்காரி ஐந்து முறை தும்மினாள், ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். கூடுகள் அத்தனையும் காலியாக, மூடி திறந்து கிடந்தன. கடைசித் தலைமுறை தனக்குப் பின் எதையும் வைக்காமல் போய்விட்டிருந்தது. "காவல் எழுந்திருக்குது" என்றார் மருத்துவர். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் தலை நரைத்திருந்தது. "திங்கட்கிழமை ரத்தம் எடுப்போம். எதுக்கும் பையைத் தயாரா வெச்சுக்குங்க." நிலையத்திலிருந்து நாற்பது குளவிகளைப் புட்டியில் கொடுத்து அனுப்பினார்கள். அவள் வலைத்துணி இல்லாமல் உறிஞ்சிப் பார்த்தாள். நாற்பதும் வந்த வேகத்தில் திரும்பி வந்தன. உள்ளே கதவில் ஆள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கினாள். கொடுத்தவளுடைய பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாத்தனார் கடைக்குப் பித்தான் சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். காகிதம் பெட்டியில் இருக்கும் என்று நினைத்து, குளவிக்காரி வெளியே போய், பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தாள். பெட்டி காலியாக இருந்தது. ஒரு பித்தான்கூட இல்லை. போய்விட்டாளோ, குளவி போன வழியே இவளும் போய்விட்டாளோ என்று நினைத்தவள், கதவைத் திறந்துபோட்டபடி, முகத்தைக்கூட மூடாமல் வாசலில் நின்றாள். தெருமுனையில் நாத்தனார் வருவது தெரிந்ததும் பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, கதவை இப்படித் தொறந்து போட்டிருக்கீங்க? எவனாவது இருமிக்கிட்டுப் போனா?"

"உன் துணியெல்லாம் எங்க?"

"அலமாரியில."

"என் அலமாரியிலயா? எப்போ வெச்சே?"

"நீங்க தும்மும்போது கண்ணை மூடுவீங்களே, அப்போ. ஒரு தும்மலுக்கு ஒரு துணி. எட்டு வருஷமாச்சு, பெட்டி காலியாகி."

குளவிக்காரி உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். தினமும் திறக்கிற அலமாரிதான். அவளுடைய துணிகளுக்கும் கணவருடைய துணிகளுக்கும் நடுவில், மடிப்புக் கலையாமல், நாத்தனாரின் துணிகள் இருந்தன. எட்டு வருடமாக அவற்றை ஒதுக்கி ஒதுக்கித்தான் தன்னுடையதை எடுத்திருக்கிறாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து அவளே உள்ளே வைத்திருக்கிறாள். ஒன்றுகூட வேற்றுத் துணியாகக் கண்ணில் படவில்லை. பிறகு, பதினோரு வருடமாக விழுங்கியதையெல்லாம் சேர்த்து, "மேல் தட்டு உனக்கு எட்டாது. நடுத் தட்டை எடுத்துக்கோ" என்றாள்.

"நடுத் தட்டை அப்பவே எடுத்துட்டேனே" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "காய்ச்சல் இல்லை, பயப்படாதீங்க. இது வேற."

சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து, கொல்லையில் குளித்து, மனைவியின் அடிவயிற்றில் காது வைத்தார். இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாற்காலிகளை ஓரம் தள்ளுகிற சத்தம் கேட்டது. பல பேர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. சிறுநீரகத்தின் அருகே வந்து நின்றார்கள். "யாரு? எங்க இருந்து வர்றீங்க? மூக்கைக் காட்டுங்க" என்று ஒரு குரல் கேட்டது. குரல் மனைவியுடையது, கேட்ட தோரணை தங்கையுடையது. பதினோரு வருடம் உட்கார்ந்தபடி வாசல் பேச்சைக் கேட்டுக் கேட்டு, வந்தவரை உடனே அடிக்காமல் முதலில் விசாரிக்க வேண்டும் என்று காவலாட்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகம் பதில் சொல்வதற்கு முன்பே இன்னொரு காவலாளின் குரல் குறுக்கிட்டது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் குளவிக்காரி.

"'அட, வீட்டு ஆளுப்பா, விடு'ன்னு சொல்றாங்க."

திங்கட்கிழமை எண் ஒன்று புள்ளி ஒன்று. மருத்துவர் அதை எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பெட்டியை அன்றே நடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில் அது இல்லாமல் எல்லோரும் கால் இடறிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் இப்போதும் அதன் மேல் உட்கார்ந்துதான் பித்தான் தைக்கிறாள். குளவிக்காரி தும்மினால் தும்மல் மட்டும்தான் வருகிறது. யாராவது ஒருவர் எழுந்து சன்னலைத் திறந்துவிடுகிறார்கள்.